சேக் தாவூது வச்சிருந்த செவர்லெட்

தென்காசியில் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் தறி நெய்துகொண்டிருந்த சேக் தாவூதுக்கு வாழ்நாளில் வந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். அதையும் அவர் தேடிப் போகவில்லை. குற்றாலத்தில் ஒரு பங்களாவின் பின்கட்டில், கோழிகள் அடைகாக்கிற கொட்டகைக்குள், பத்து வருஷமாக அது அவரை எதிர்பார்த்துக் கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஆசையைத் தராமலே இருந்திருக்கலாம் ஆண்டவன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம், ஆனி மாதக் கடைசி. ஐந்தருவி போகிற சாலையில் இருந்த அந்தப் பங்களா ஆலங்குளம் பக்கத்துப் பண்ணையார் ஒருவருடையது. பண்ணையார் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகியிருந்தது. அவருடைய மனைவி உலகம்மாள் ஆச்சி மட்டும் சீசனுக்கு வந்து பதினைந்து நாள் குளித்துவிட்டுப் போவாள். உறவுக்காரர்கள் துவட்டிக்கொள்ள இரண்டு டஜன் துண்டு வேண்டும் என்று தாவூதிடம் சொல்லியிருந்தாள். துண்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்த நேரம் சாரல் பிடித்துக்கொண்டது. மூட்டை நனையக் கூடாதே என்று பின்கட்டுக் கொட்டகைக்குள் ஓடினார். ஓடியவர், எதன்மேலோ முட்டிக்கொண்டு நின்றார்.

அது ஒரு கார். அமெரிக்காவில் செய்த செவர்லெட். இருபத்தொன்பதாம் வருஷத்து வண்டி. மேலே துணிக்கூரை போட்டது. கூரைத் துணி கிழிந்து தோரணமாகத் தொங்கியது. பின் சீட்டில் ஒரு கோழி, எட்டு முட்டைகளின்மேல் உட்கார்ந்து தாவூதை முறைத்தது. முன்விளக்கு இரண்டில் ஒன்று உடைந்திருந்தது. மற்றொன்று முழுசாக இருந்து, மழை வெளிச்சத்தில் அழுத கண் மாதிரி மினுங்கிற்று.

பங்களாக் காவல்காரன் சங்கரபாண்டி பீடியை வாயில் வைத்தபடி வந்து சொன்னான்: "பெரியவரு மதராசுல வாங்கி, தானே ஓட்டிக்கிட்டு வந்தாக. யுத்தத்துல பெட்ரோலுக்கு ரேஷன் போட்டான்லா, அப்ப நிறுத்துனது. அதுக்கப்புறம் அதும் அசையல, அவுகளும் அசைக்கல."

தாவூதுக்கு அவன் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. மூட்டையிலிருந்து புதுத் துண்டு ஒன்றை உருவி, அந்த ஒற்றை விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. துண்டு கறுத்துப்போன பிறகுதான் வாசலில் ஆச்சி நிற்பதைப் பார்த்தார்.

"என்ன சாயபு, நான் மனுசர் துவட்டத் துண்டு கேட்டா நீரு வண்டிக்குத் துவட்டுதீரு."

"மன்னிக்கணும் ஆச்சி. இதுக்குப் பதிலா வேற ஒண்ணு நெய்ஞ்சு தாறேன்."

"துண்டு கெடக்கட்டும். அதத் துடைச்சு என்ன ஆகப் போகுது?"

"வாரம் ஒருக்கா வந்து துடைச்சாக்கூடப் போதும் ஆச்சி. இப்படிக் கெடக்குறதப் பாத்துட்டுப் போக முடியல."

ஆச்சி துடைத்த விளக்கைக் குனிந்து பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த கொத்திலிருந்து சின்னச் சாவி ஒன்றைக் கழற்றினாள். தாவூதின் உள்ளங்கையில் போட்டாள்.

"அப்ப நீரே வச்சுக்கிடும்" என்றாள்.

தறிக்காரர் தெருவில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். பாவு முடிந்து தறியில் மிச்சம் நிற்கிற நூலை நேர்மையாகக் கொண்டுபோய் நூல் கொடுத்த முதலாளியிடம் காட்டினால், "வச்சுக்கோ" என்பார். அத்தோடு அந்த நூல் நெய்தவனுக்குச் சொந்தம். அதில் பிள்ளைக்குச் சட்டைத்துணி நெய்யலாம்; விற்கலாம். திரும்பக் கேட்டவர் என்று அந்தத் தெருவில் ஒருவரும் கிடையாது. தாவூது பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை அப்படியேதான் கேட்டு வளர்ந்தார். கையை மூடிக்கொண்டு வீடு வரைக்கும் மூன்று மைல் மழையில் நனைந்து நடந்தார். மூட்டைத்துணி பங்களாவிலேயே கிடந்தது.

அவர் மனைவி சைதூன் பீவிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இரண்டு பிள்ளைகள் பெற்றாள். இரண்டும் நாற்பது நாளைக் காணவில்லை. அதற்குப் பிறகு அவள் வயிறு திறக்கவில்லை. அவளும் அதைப்பற்றி வாய் திறப்பதில்லை. தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், தலை துவட்டாமல் வந்து நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"காரா? ஆருக்கு?"

"நமக்குத்தான். ஆச்சி குடுத்துட்டாக. இந்தா, சாவி."

"எழுதிக் குடுத்தாகளா?"

"வாயால சொன்னாக. பெரிய வீட்டுப் பொம்பள சொன்ன பொறவு, அதக் காயிதத்துல எழுதித் தாங்கன்னு கேட்டா எப்படி இருக்கும்? அவுக வார்த்தைய நம்பலன்னு ஆயிராதா?"

"நீங்க கேக்க வேண்டாம். இங்கன கொண்டாந்து நிறுத்திருங்க. நம்ம வாசல்ல நின்னா நம்மது."

அது சரியான பேச்சு என்று தாவூதுக்கும் பட்டது. மறுவாரம் வண்டியின் அகலத்தை ஒரு நூலில் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்து வந்தார். சந்தில் தம் வீட்டுச் சுவரில் நூலின் ஒரு முனையை வைத்து, எதிர்ப்பக்கம் இழுத்துப் பார்த்தார். முடிச்சு எதிர்வீட்டு அடுக்களைக்குள் போய் நின்றது. எதிர்வீட்டுக்காரி, "என்ன தாவூது மச்சான், எங்க சட்டிய அளக்குதிய?" என்று கேட்டாள். சந்து சிரித்தது. வண்டி குற்றாலத்திலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அந்த ஒரு முழம் அகலம் மட்டும் அந்தச் சந்துக்குக் கூடுதலாக இருந்திருந்தால், இந்தக் கதை வேறு கதையாகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை தறிக்கு விடுமுறை. மற்றவர்கள் ஜும்மா தொழுதுவிட்டுக் கறிச்சோறு தின்று தூங்குவார்கள். தாவூது தொழுதுவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குற்றாலத்துக்கு நடப்பார். முதல் வருஷம் முழுக்கக் கழற்றுவதிலேயே போயிற்று. எலிக்கூடு, கரையான் புற்று, ஒரு பாம்புச் சட்டை எல்லாம் வெளியே வந்தன. தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் வைத்துச் செய்த வண்டி அது. மரத்தைக் கரையான் தின்று தகட்டை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. கழற்றிய ஒவ்வொரு ஆணியிலும் ஒவ்வொரு திருகிலும் தாவூது கலர் நூல் கட்டினார். முன்பக்கம் என்றால் சிவப்பு, பின்பக்கம் பச்சை, எஞ்சின் மஞ்சள். இடமா வலமா என்பதற்கு ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு. எந்த மெக்கானிக்கும் அப்படிச் செய்ததில்லை. கொட்டகை முழுக்கக் கொடி கட்டி அவற்றைத் தொங்கவிட்டிருந்தபோது, ஏதோ கல்யாண வீட்டுக்குப் பூக் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது.

"இளையாளப் பாக்கப் பொறப்பட்டாச்சாக்கும்" என்பாள் சைதூன் பீவி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்.

"இன்னைக்கு அவளுக்குக் கார்புரேட்டர் கழத்தணும்."

"எனக்கு மூணு நாளா தலைவலி. அதக் கழத்த ஆளில்ல."

"நீயும் ஒருநா வந்து பாரேன்."

"சக்களத்தி வீட்டுக்கு நான் எதுக்கு? என்னைக்கு அவ ஓடுறாளோ அன்னைக்கு வாறேன். உக்காந்து ஒரு சவாரி போறேன். அதுக்குப் பொறவு அவளும் நானும் பேசித் தீத்துக்கிடுதோம்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் தாவூது அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டார். வண்டி ஓட வேண்டும். அதில் சைதூன் உட்கார வேண்டும். பிள்ளைகளை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு என்று அவர் எதையும் கொண்டுவந்து கொடுத்ததில்லை.

ஒரு பஸ் கம்பெனிக் கொட்டகையில் ஏசுவடியான் என்று ஒரு ஃபிட்டர் இருந்தார். ஒரு திருகாணி கேட்டுப் போன இடத்தில் பழக்கம். அவர் வந்து எஞ்சினைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாய், இது வண்டி இல்ல ஓய். எலும்புக்கூடு. சுடுகாட்டுக்குப் போனத வழியில மறிச்சுக் கொண்டாந்திருக்கீரு."

"ஓடுமா, ஓடாதா? அதச் சொல்லும்."

"அமெரிக்காக்காரன் திருகு மரை வேற, எங்க பஸ்ஸு மரை வேற. ஒரு நட்டு தொலைஞ்சா மூணு மாசம் அலையணும். அலைவீரா?"

"அலைவேன்."

"அப்ப ஓடும். ஆனா உமக்குப் பைத்தியம்னு ஊர்ல பேசிக்கிடுதாங்களே, அது பொய் இல்ல."

இறுகிப்போன எஞ்சினுக்குள் விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி எட்டு மாதம் ஊறவைத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, முன்னால் செருகிச் சுழற்றுகிற கைப்பிடி ஒரு விரல்கடை அசைந்தது. அதற்கே ஏசுவடியானுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார் தாவூது. பழைய டாக்சி ஒன்று பிரிபடுகிறது என்று கேள்விப்பட்டுச் செங்கோட்டை தாண்டிப் புனலூருக்குப் போய், இரண்டு சக்கரத்தைத் தோளில் ஒன்று கையில் ஒன்றாகக் கொண்டுவந்தார். வேங்கை மரத்தில் புதுச்சட்டம் இழைக்க இரண்டு வருஷம். கூரைத்துணிக்கு மட்டும் அவர் யாரிடமும் போகவில்லை. கிழிந்து தொங்கிய பழைய துணியில் ஒரு துண்டை வெட்டி, இழை இழையாகப் பிரித்து, அமெரிக்காக்காரன் எத்தனை பிரி போட்டு எப்படி நெய்திருக்கிறான் என்று எண்ணினார். அதே கனத்துக்கு நூலை முறுக்கி, தம்முடைய தறியிலேயே நெய்தார். நாலு மாதம் கூலி நெசவுக்கு நடுவே நடுவே நெய்த துணி அது. மெழுகும் ஆளிவிதை எண்ணெயும் காய்ச்சித் தடவி மொட்டைமாடியில் காயப்போட்டார். அதன்மேல் ஒரு குடம் தண்ணீரைச் சாய்த்துப் பார்த்த சைதூன் பீவி, ஒரு சொட்டுக் கூட அடியில் இறங்காததைக் கண்டு, "எனக்கு ஒரு சேலை இப்படி நெய்ஞ்சிருப்பியளா" என்றாள். சொல்லிவிட்டு, வண்டி சீட்டு மெத்தைக்கு உறை தைக்க அளவு கேட்டாள். தேங்காய் நார் அடைத்து, ஊசி குத்திய விரல்களை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே நாலு மெத்தை தைத்தாள். அதைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோகும்போது தாவூதுக்குக் கண் கலங்கிற்று. சாரல் என்று துடைத்துக்கொண்டார்.

வண்டியின் பதிவுப் புத்தகம் இன்னும் இறந்துபோன பண்ணையார் பெயரில்தான் இருந்தது. "பேர மாத்தும் பாய். ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்" என்று ஏசுவடியான் வருஷா வருஷம் சொல்லுவார். வருஷா வருஷம் சீசனுக்கு ஆச்சி வரும்போது, இந்தத் தடவை கேட்டுவிடுவது என்று தாவூதும் போய் நிற்பார். ஆச்சி கொட்டகைக்கு வருவாள். வர்ணம் பூசிய கதவைத் தொட்டுப் பார்ப்பாள். "நல்லா வச்சிருக்கீரு சாயபு" என்பாள். அந்த ஒரு சொல்லில் தாவூதுக்கு மனசு நிறைந்துவிடும். நிறைந்த மனசோடு கையெழுத்துக் கேட்பது எப்படி? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம் என்று திரும்பிவிடுவார். ஒன்பது சீசன் இப்படிப் போயிற்று.

அறுபத்து இரண்டு ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஏசுவடியான் கைப்பிடியைச் சுழற்றினார். முதல் சுழற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு தும்மல். மூன்றாவதில் ஆறு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் விழித்தன. கொட்டகை ஓடு அதிர்ந்தது. கோழிகள் சாலைக்கு ஓடின. தாவூது வண்டியைத் தொடவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம் பிள்ளைகள் இருவரும் பிறந்தபோது அழுத குரலை அவர் கேட்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் காதுக்கு இதமாக விழுந்த சத்தம் அன்றைக்குக் கேட்டதுதான்.

"ஓய், எலும்புக்கூடு பேசுது ஓய்" என்றார் ஏசுவடியான். சுழற்றிய கையால் எஞ்சின் மூடியைத் தட்டிக்கொடுத்தார்.

காவல்காரன் சங்கரபாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரியவர் வண்டி ஓடுகிறது என்று அன்றைக்கே ஆலங்குளத்துக்கு ஒரு கார்டு எழுதிப்போட்டான். நல்லது என்று நினைத்துத்தான் எழுதினான். பாவம், அவனைக் குறை சொல்லி என்ன.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலேயே சைதூன் பீவி குளித்து, கல்யாணத்துக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். தலைக்கு முக்காடு போட்டு, கண்ணுக்குச் சுருமா இட்டாள். முப்பத்தேழு வயதில் புதுப்பெண் போல வெட்கப்பட்டுக்கொண்டு புருஷனுக்குப் பின்னால் பஸ் ஏறினாள். "மொத சவாரி எங்கன?" என்று பஸ்ஸில் காதோடு கேட்டாள். "செங்கோட்டை போயி, மலை ஏறுத இடம் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றார் தாவூது.

பங்களா வாசலில் ஒரு லாரி நின்றது. கொட்டகை உத்திரத்தில் சங்கிலியும் கப்பியும் தொங்கின. கால்சட்டை போட்ட வாலிபன் ஒருவன் எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். ஆச்சியின் ஒரே மகன் ஆவுடையப்பன். மதராஸில் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தான்.

"நீங்கதான் சேக் தாவூதா?" என்று அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "ரொம்ப நல்லாச் செஞ்சிருக்கீங்க. எங்க தோட்டத்துக்குக் கரண்டு வரல. கிணத்துல தண்ணி கெடக்கு, எறைக்க வழியில்ல, வாழை காயுது. இந்த எஞ்சின அங்க கொண்டுபோய் பம்புசெட்டுல மாட்டப் போறேன்."

தாவூதுக்கு அவன் என்ன சொல்கிறான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"தம்பி, இது எனக்கு ஆச்சி குடுத்த வண்டி."

"குடுத்தாங்களா? எங்கிட்ட சொல்லலையே. எழுத்து இருக்கா?"

"எழுத்து இல்ல. சொல்லு இருக்கு. சங்கரபாண்டி பக்கத்துல நின்னாரு, கேளுங்க."

சங்கரபாண்டி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "நிசந்தான் முதலாளி. 'நீரே வச்சுக்கிடும்'னு ஆச்சி சொன்னாக. சாவியவும் குடுத்தாக. என் காதால கேட்டேன்."

ஆவுடையப்பன் முரடன் இல்லை. யோசித்துவிட்டு, "அப்ப அம்மாகிட்டயே கேட்டுருவோம். வாங்க லாரியில. வண்டி உங்களுதுன்னு அம்மா ஒரு வார்த்தை சொன்னா, நான் வெறும் லாரியோட திரும்பிடுதேன்" என்றான்.

தாவூதுக்கு உயிர் வந்தது. ஆச்சி சொல்லுவாள். சொல்லாமல் எப்படி இருப்பாள்? லாரியில் ஏறப்போகும்போது திரும்பிப் பார்த்தார். சைதூன் பீவி செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, வண்டிக்குள் ஏறி, தான் தைத்த மெத்தையில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க வார வரைக்கும் நான் இதுலயே இருக்கேன். ஆரு வந்து எறக்குதான்னு பாப்போம்" என்றாள்.

ஆலங்குளத்தில் உலகம்மாள் ஆச்சி நெல் அளக்கிற இடத்தில் இருந்தாள். தாவூதைக் கண்டதும் முகம் மலர்ந்தது. உட்காரச் சொல்லி மோர் கொண்டுவரச் சொன்னாள். மகன் விஷயத்தைச் சொன்னான். ஆச்சி தாவூதைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் கொஞ்சமும் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"வச்சுக்கிடும்னுதானே சாயபு சொன்னேன்? எடுத்துக்கிடும்னா சொன்னேன்?"

தாவூது மோர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"இந்த வீட்டுல பத்தாயச் சாவிய வேலைக்காரி மாரித்தாய்கிட்ட குடுத்து, வச்சுக்கோன்னுதான் சொல்லுதேன். அதுக்காகப் பத்தாயத்து நெல்லு அவளுதா? என் வீட்டுக்காரரு உக்காந்து ஓட்டுன வண்டி அது. நான் கல்யாணமாகி வந்ததே அதுலதான். அத எப்படி நான் ஒருத்தருக்குத் தூக்கிக் குடுப்பேன்?" ஆச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மகனிடம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ. ஒம்போது வருசம், அடுத்தவுக பொருள இப்படிப் பொன்னு மாதிரி வச்சிருந்து திருப்பிக் குடுக்க இந்தக் காலத்துல ஆரு இருக்கா? நம்ம சாதிசனத்துல ஒருத்தனக் காட்டு பாப்போம். நாணயம்னா சாயபுதான். மறந்துராத."

தாவூதின் தொண்டை வரை வார்த்தை வந்தது. "இது என்னுதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன் ஆச்சி" என்று சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? ஒன்பது வருஷம் நாணயமாக இருந்த மனுஷன், அந்த நிமிஷத்தில் அடுத்தவள் புருஷனின் பொருளுக்கு ஆசைப்பட்ட மனுஷனாகிவிடுவார். திட்டியிருந்தால் அவரும் பதிலுக்குப் பேசியிருப்பார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். புகழ்ந்தல்லவா வாயை அடைத்துவிட்டாள். நாணயத்துக்கு மரியாதையாக ஒரு தட்டில் வேட்டியும் வாழைப்பழமும் வைத்து நீட்டினாள். ஒரு தறிக்காரனுக்குக் கடையில் வாங்கிய வேட்டி. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மடியிலிருந்து சாவியை எடுத்து, காலியான தட்டில் வைத்தார்.

லாரி திரும்பி வந்தபோது பொழுது சாயவில்லை. சைதூன் பீவி வைத்த கண் வாங்காமல் சாலையைப் பார்த்தபடி, விட்டுப்போன இடத்திலேயே இருந்தாள். காலையில் இருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சங்கரபாண்டி சொன்னான். தாவூது கதவருகே வந்து நின்றார். கையில் வேட்டியும் பழமும்.

"எறங்கு, சைதூன்."

அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். இறங்கினாள். உட்கார்ந்த இடத்தில் மெத்தை கசங்கியிருந்தது; குனிந்து கையால் நீவிவிட்டாள். பிறகு செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, "நல்ல பிள்ளதான் உங்க இளையா. நான்தான் வீணா ஏசிட்டேன்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முக்காட்டுத் துணியை வாயில் கடித்துக்கொண்டாள்.

ஆவுடையப்பனோடு வந்த கொல்லன், மாட்டியிருந்த ஆணி ஒன்றைச் சுத்தியலால் ஓங்கி அடித்தான். அந்த அடி தாவூதின் முதுகில் விழுந்தது. "நிறுத்தும் ஓய். அதத் திருப்பணும், அடிக்கப்பிடாது" என்று வேட்டியையும் பழத்தையும் மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கைலியை மடித்துக் கட்டினார். வெட்டப் போகிறவனிடம் பிள்ளையைக் கொடுத்தாலும், நோகாமல் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிற மனசு அது. ஒவ்வொரு திருகாகத் தாமே கழற்றினார். எஞ்சின் சங்கிலியில் ஏறி, அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, லாரிக்குள் இறங்கிற்று.

"தம்பி, ஒரு விசயம். இதுல பிஸ்டனத் தாங்குத ஆறு கம்பி இருக்கு. ஒவ்வொண்ணு அடியிலயும் ஒரு சின்ன அகப்பை. கீழத் தொட்டியில இருக்க எண்ணெய அது மோந்து மோந்து மேல அடிக்கணும். எஞ்சின் சாய்வா இருக்கப்பிடாது. எண்ணெய் ஒரு விரல்கடை கொறையப்பிடாது. அகப்பைக்கு எட்டலன்னா செத்துப்போயிரும்."

"நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்றான் ஆவுடையப்பன். அவன் அப்படிச் சொன்னது உண்மைதான். ஒரு வருஷம் பார்த்துக்கொண்டான். பிறகு மதராஸில் உத்தியோகம் கிடைத்துப் போய்விட்டான். பம்புசெட்டு, தோட்டத்து ஆட்கள் கைக்கு வந்தது. எஞ்சின் இல்லாத வண்டி கொட்டகையில் நின்றது. தாவூது அந்தப் பக்கம் போகவில்லை. கூரை கிழிந்ததா, கரையான் வந்ததா என்று யாரிடமும் கேட்கவும் இல்லை. தறியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஏசுவடியான் இரண்டொரு தடவை வந்து, "வேற ஒரு பழைய வண்டி இருக்கு பாய், பாக்கீரா?" என்று கேட்டார். தாவூது தறியில் ஓடுகிற நாடாவை நிறுத்தாமலே, வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு அவரும் வருவதில்லை.

அறுபத்து நாலு பங்குனியில் ஆலங்குளத்திலிருந்து ஆள் வந்தது. எஞ்சின் நின்றுவிட்டது, ஒருவராலும் முடியவில்லை, சாயபு வந்து பார்க்க வேண்டும் என்று ஆச்சி சொன்னாளாம். "போகாதிய" என்றாள் சைதூன் பீவி. சொன்னவளே சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

கிணற்று மேட்டில் வெயில் கொளுத்தியது. எஞ்சினின் விலாவில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. கம்பி ஒன்று முறிந்து, உள்ளிருந்து இரும்பைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடியில் எண்ணெய் என்று ஒரு சொட்டு இல்லை. தொட்டால் இரும்பு வெயிலில் சுட்டது. தாவூது மண்டியிட்டு, முறிந்து நீட்டிய கம்பியின் நுனியில் விரலை வைத்தார். அகப்பை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

ஆச்சி குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தாள். இரண்டு வருஷத்தில் அவளும் தளர்ந்திருந்தாள்.

"ஆகுமா சாயபு?"

"ஆகாது ஆச்சி."

"நீரு நெனச்சா ஆக்குவீரே. அன்னைக்கு எலும்பாக் கெடந்தத ஓட வச்சீரே."

"அன்னைக்கு உள்ள உசிரு இருந்துது ஆச்சி. துரு ஏறித் தூங்கிக்கிட்டு இருந்துது. இது வெந்துபோச்சு."

ஆச்சி எஞ்சினையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அல்லது இரண்டு வருஷமாகவே புரிந்துகொண்டுதான் இருந்தாளோ என்னவோ. குடையைத் தாழ்த்திக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "அப்ப நீரே எடுத்துக்கிடும். இந்தத் தடவை வெளக்கமாவே சொல்லுதேன். வச்சுக்கிடும்னு சொல்லல. எடுத்துக்கிடும். குத்தாலத்துல கெடக்கதையும் சேத்து எடுத்துக்கிடும். வேணும்னா கையெழுத்தும் போட்டுத் தாறேன்."

ஒன்பது வருஷம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட அத்தனையும் ஒரே மூச்சில் அவர் முன்னால் வந்து நின்றது. தாவூது எழுந்தார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"வேண்டாம் ஆச்சி" என்றார்.

"கோவமா சாயபு?"

"கோவம் இல்ல ஆச்சி. எனக்கு இப்ப அதுக்குத் தெம்பு இல்ல."

வரப்பில் நடந்து, சாலைக்கு வந்து, பஸ் ஏறினார். வீட்டுக்கு வந்தபோது சைதூன் பீவி சொம்பில் தண்ணீரோடு வாசலில் நின்றாள். கை கழுவ ஊற்றினாள். கரி போகவில்லை.

"என்ன சொன்னாக?"

"எடுத்துக்கிடச் சொன்னாக."

சொம்பு ஒரு கணம் நின்றது. "நீங்க?"

"வேண்டாம்னுட்டேன்."

அவள் மிச்சத் தண்ணீரையும் ஊற்றினாள். முந்தானையை நீட்டினாள், துடைத்துக்கொள்ள. "இனிமேலாவது, ஆரும் எதும் குடுத்தா என்ன ஏதுன்னு வெளக்கமாக் கேட்டு வாங்குங்க" என்றாள்.

தாவூது கையைத் துடைத்தார்.

"இனிமே நமக்கு ஆரு என்ன குடுக்கப் போறா, சைதூன்" என்றார்.